ஷெரினுக்கென்று அரைத்த பிஸ்கட் பாகு

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த விஜய்ராஜின் மனைவி சொர்ணலதா. கோதுமை, பால், கடலை எதைத் தின்றாலும் மகள் ஷெரினுக்கு முகம் வீங்கிவிடும். விஜய்ராஜின் அக்கா ரோசலின், "எல்லாம் செல்லங்கொடுத்து வந்த வியாதி" என்று சர்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருக்குத் தெரியாத வைத்தியமே கிடையாதே!

2003 கிறிஸ்துமஸுக்கு சொர்ணலதா குக்கரில் மணல் பரப்பிக் கேழ்வரகு பிஸ்கட் சுட்டாள். அதை ஏலக்காய், சுக்கு, பட்டையோடு பொடித்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டு மிக்ஸியில் பாகாக அரைத்தாள். வாழைப்பழத்தின்மேல் ஊற்றித் தின்ன, மகளுக்கென்று ஒரு கிண்ணம்.

"பிஸ்கட்ட ஆட்டிக் குழம்பு வைக்கிறத இங்கனதான் பாக்குறேன்" என்ற ரோசலின், ருசி பார்க்க விரலை விட்டார். பிறகு கரண்டியை விட்டார். ஷெரின் சாப்பிட வந்தபோது கிண்ணம் கழுவியதுபோல் இருந்தது.

"செல்லங்குடுத்து வந்த வியாதிக்குச் செஞ்சத இப்படி வழிச்சுத் தின்னுருக்கீகளே மதினி, வெக்கமா இல்ல?"

"இனிப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார் அந்த மகராசி.

சொர்ணலதா அடுப்படிக் கதவைத் தாழிட்டு மறுபடி அரைத்தாள். ஷெரின் உள்ளேயே உட்கார்ந்து தின்றாள். வெளியே ரோசலின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.