கம்பளிக் குகையில் அக்கா

அந்தக் கலைக்கூடத்துக் காவலாளிக்கு மூக்கன் என்று பட்டப்பெயர் வைத்தது அவன் அக்காதான். யாராவது சட்டையைக் கழற்றினால் அடுத்த அறையிலிருந்தே முகம் சுளிப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவனைக் கொண்டுபோய்க் கம்பளிக் குகைக்குக் காவல் போட்டார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

கூடம் நிறையக் கம்பளியால் பின்னிய குகை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஊர்ந்துபோய்ப் படுக்க வேண்டும். "கம்பளி ஒண்ணும் கலை இல்லை. படுத்தவங்க மனசுக்குள்ள என்ன ஆகுதோ, அதுதான் கலை," என்பாள் அதைப் பின்னியவள். மனம் நொந்தவர்களுக்கு நல்லதென்று டாக்டர்களே ஆள் அனுப்பினார்கள். மூக்கன் கண்ட கலை வேறு: ஈரக் காலுறை நாற்றம், சிக்கிய முடிக்கொத்து, மென்று துப்பிய சூயிங்கம், யாரோ அழுது துடைத்த மூக்குச்சளி. கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பான். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

அக்காவுக்கோ தூக்கமே போயிற்று. அவள் கணவர், மூக்கனின் மாமா, செத்த மறுநாள் இவன் போய் வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினான். மாமாவின் தலையணை உறையைக் கொதிநீரில் போட்டு அலசினான். ஒத்தாசை என்றுதான் செய்தான். அன்றைக்கு விழித்தவள் விழித்தவள்தான். ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் வேலையும் நின்றது.

கடைசியில் டாக்டர் அவளையும் குகைக்கு அனுப்பினார். மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. அவள் வருமுன் வெளுத்த விரிப்பொன்றை உள்ளே விரித்து வைத்தான்.

உள்ளே போன வேகத்தில் அக்கா தலையை நீட்டினாள்.

"என்னடா இது, பொணத்தைக் கிடத்துற மாதிரி?"

"அசிங்கம்க்கா. ஊரே புரண்ட இடம்."

"புரளட்டுமே! என் வீட்டையும்தான் கழுவித் தொலைச்ச. உங்க மாமா வாசனை ஒரு மூலையிலயாவது இருக்கா? நீயும் உன் மூக்கும்!"

விரிப்பு அவன் முகத்தில் வந்து விழுந்தது. அன்று அலசிய தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்குத்தான் அவன் கண்ணுக்குப் பட்டிருந்தது. அதுவும் மாமாதான் என்று தோன்றவே இல்லை.

சற்றைக்கெல்லாம் உள்ளே குறட்டை. எட்டிப் பார்த்தான். யாரோ தலை வைத்த பள்ளத்தில் கன்னத்தைப் புதைத்து, எச்சில் ஒழுக உறங்கினாள். சீ என்றுதான் வந்தது. அருவருப்பு போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை.

மேலாளர் வந்தார். "வரிசையில ஆள் நிக்குதுப்பா, எழுப்பு."

"எழுப்ப மாட்டேன் சார். வர்றவங்களும் பக்கத்துல படுக்கட்டும்."

வியர்வை வழிய ஒரு தடியர் முன்னால் வந்தார். மூக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டான்.