சாவி யாரிடம்?

எங்கள் பழைய பிக்கப்புக்குப் புது றிம்மும் ரயரும் வாங்க இன்று கொக்குவிலில் ஒரு கடைக்குப் போனோம். புத்தூரிலிருந்து சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிற வாகனம் அது. ஓட்டுவது என் மனைவி. எனக்கு லைசென்ஸ் இல்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தே கதைத்தார்.

“அண்ணை, இந்த அலோய் றிம்மைப் பாருங்கோ. அகலமான ரயரும் போட்டால் நல்ல வடிவாயிருக்கும்.”

உண்மையிலேயே வடிவுதான். நான் தலையாட்டப் போன நேரம் மனைவி கேட்டாள்: “தம்பி, உந்த ரயர் எவ்வளவு பாரம் தாங்கும்?”

“நல்லாத் தாங்கும் அண்ணை,” என்றார் என்னிடம்.

“மூட்டை ஏத்திக்கொண்டு மழைக்குள்ளை பிறேக் அடிக்கிறது நான். என்னட்டைச் சொல்லுங்கோ.”

அவள் குரலை உயர்த்தவேயில்லை. ஆனால் மனிதர் உள்ளே போய், பார வாகனங்களுக்கென்றே வருகிற தடித்த ரயரையும் கறுத்த இரும்பு றிம்மையும் உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்க ஒரு வடிவும் இல்லை.

“ஓம், உதுதான். பூட்டுங்கோ.”

பூட்டியதும் ஒவ்வொரு சில்லாகக் குனிந்து பார்த்தாள். மேலதிகச் சில்லுக்கும் காற்றுப் பார்க்க வைத்தாள். எனக்கோ அவளைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

புறப்படும்போது கடைக்காரர் சாவியை என் கையில் தந்தார். “புது ரயர் அண்ணை. கொஞ்ச நாளைக்கு மெல்லமா ஓடுங்கோ.”

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறினேன்.

“என்னவாம்?”

“மெல்லமா ஓடட்டாம்.”

“அப்ப நீங்கள் மெல்லமா இருங்கோ.”

லைசென்ஸ் இல்லாத அண்ணைமாரே, உங்களுக்கும் இப்படிச் சாவி கிடைக்கிறதா?