மதில் தாண்டிய கோழி

பியாட்ரிஸக்காவைப் பற்றி ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரைக் கேட்டாலும், "அந்தக் கோழிக்காரம்மாவா?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களின் வாயில் ஒரு பிடி தவிட்டை அள்ளிப் போடலாமா என்று எனக்கு வரும். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள் நான். கோழிகள் மட்டும் இல்லையென்றால் அவள் யார் வீட்டில் யார் பிள்ளைக்குத் துணி அலசிக்கொண்டிருந்திருப்பாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அவள் புருஷன் சில்வெஸ்டர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. சாதுவான மனுஷர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அவர்கள் இருந்தது மாமனார் கட்டிய ஓட்டு வீடு. பின்னால் பெரிய தோட்டம். ஆனால் பத்திரம் இளைய மகன் டொமினிக் பெயரில் இருந்தது. "தம்பி பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன" என்று சில்வெஸ்டர் சும்மா இருந்துவிட்டார். நல்லவர்கள் செய்துவிட்டுப் போகிற காரியங்களுக்குப் பெண்டாட்டிகள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் டொமினிக் பேச்சை எடுத்தான். நானும் அங்கே காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"தனியா இன்னாத்துக்குக் கஷ்டப்படணும் அண்ணி? நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. கேத்தரினுக்கும் கை ஒத்தாசையா இருக்கும்."

கை ஒத்தாசை! பிரேசர் டவுனில் அவன் வீட்டில் நாலு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். இருந்த ஆயா அந்த வாரம்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தாள். அவன் பெண்டாட்டி கேத்தரின் படுத்தும் பாட்டில் எந்த ஆயாவும் ஓடத்தான் செய்வாள். பியாட்ரிஸக்காவுக்கோ ஓட இடம் கிடையாது என்பது அவனுடைய கணக்கு.

"நான் இங்கியே இருக்கேன் தம்பி. எனக்குக் கஞ்சி காய்ச்சிக்க எனக்குத் தெரியும்" என்றாள் பியாட்ரிஸக்கா.

பூசைக்கு வந்த சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் டொமினிக்கால் குரலை உயர்த்த முடியவில்லை. "சரி, இருங்க. ஆனா அக்கம்பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே வூட்டப் பூட்டிட்டு உங்களை இட்டுனு போயிடுவேன்" என்றான். அதோடு விட்டானா? தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி, "எங்க அண்ணியால ஏதாவது தொந்தரவுன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டு போனான். என் வீட்டுக்கும் வந்தான். "ஆகட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அதற்கப்புறம் பூனை மாதிரி சத்தம் போடாமல் இருந்திருப்பாள். இவள் மறுநாளே ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு சேவலையும் எட்டுக் கோழிகளையும் கூடையில் வைத்துக்கொண்டு, நடுத்தெரு வழியாகத் தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, புகார் வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான், நீ கத்துற ஜாதியை வாங்கினு வந்திருக்கியே?"

"கத்தாத ஜாதி எதுவும் முட்டை போடாது ஜூடித். புகார் வராம வளக்கத் தெரியணும், அவ்ளோதான். எனக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. சேவல் கூவ வேண்டுமானால் கழுத்தை நிமிர்த்த வேண்டும். அதற்கு இடமில்லாத தாழ்ந்த பெட்டியில் இரவு அடைத்துக் கோணியைப் போர்த்திவிட்டால், பெட்டியைத் திறக்கும்வரை அது வாயைத் திறக்காது. தெருவில் எல்லாரும் எழுந்து பல் விளக்கிய பிறகுதான் அதை வெளியே விடுவாள். அந்தச் சேவலுக்கு அவள் வைத்த பெயர் கொழுந்தன். "கொழுந்தனுக்குத் தலை தூக்க இடம் குடுத்தா ஊரையே கூட்டிடுவான்" என்பாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறேன்.

கூண்டில் தினமும் அடுப்புச் சாம்பலும் காய்ந்த இலையும் பரப்புவாள். நாற்றம் என்று ஒருவர் மூக்கைப் பிடிக்க முடியாது. எருவை மக்க வைத்து இடப்பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் துரைக்குக் கொடுத்தாள். அவர் ரோஜாச் செடி பைத்தியம். லால்பாக் புஷ்பக் கண்காட்சியில் அவர் ரோஜாவுக்குப் பரிசு கிடைத்த பிறகு, சேவலைப் பார்த்தால்கூட அவர் தொப்பியைத் தூக்குவார் போல இருந்தது.

வலப்பக்கத்து வீடுதான் சங்கடம். அங்கே சீனிவாசராகவன் என்று ஐயங்கார் ஒருவர், மைசூர் சர்க்காரில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். கண்டோன்மென்ட் காற்று உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் இங்கே வந்து வீடு கட்டியிருந்தார். கோழி முட்டையும் ஆகாது, கோழி எருவும் ஆகாது. அவரை எதைக் கொடுத்துச் சரிக்கட்டுவது? கோழி அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது ஒன்றுதான் வழி. பியாட்ரிஸக்கா ஒவ்வொரு கோழிக்கும் ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் கத்திரிப்பாள். இரண்டையும் வெட்டினால் அது எப்படியோ சமாளித்து எழும்பிவிடுமாம். ஒன்றை வெட்டினால் பறக்கப் பார்த்துத் தலைகுப்புற விழும். ஐயங்கார் மனைவி ருக்கு மட்டும் மதிலோரம் நின்று, கொழுந்தனின் நடையைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. முட்டை வாங்க ஆட்கள் அவள் வாசலுக்கே வந்தார்கள். டொமினிக் மாதா மாதம் வந்து தோட்டத்தை மோப்பம் பிடித்துவிட்டு, வந்த வழியே போனான்.

ஐப்பசியில் கோழிகள் பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்கும். முளைத்ததும் மறுபடி கத்திரிக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து பியாட்ரிஸக்கா ஜுரத்தில் படுத்துவிட்டாள். எழுந்த பிறகு இறக்கை ஞாபகம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கூண்டைத் திறந்துவிட்டு, அடுப்பு பற்றவைக்க உள்ளே போனாள்.

அன்று பக்கத்து வீட்டில் சீனிவாசராகவனின் தகப்பனாருக்குத் திவசம். நடுப்பகல் தாண்டிவிட்டது. பிராமணர்கள் சாப்பிட்டாயிற்று. காக்கைக்கு வைக்கும் பிண்டத்தைக் கிணற்றடியில் வாழை இலைத் துண்டில் வைத்துவிட்டு, அவர் இலைக்கு முதுகைக் காட்டி, மரத்தை அண்ணாந்து பார்த்துக் கைதட்டி, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கை வடிவில் தகப்பனார் வந்து எடுத்துக்கொண்டால்தான் வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு. காலையிலிருந்து அவருக்கும் ருக்குவுக்கும் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

காக்கை வரவில்லை. பியாட்ரிஸக்கா வீட்டுச் சிவப்புக் கோழி வந்தது. மதில்மேல் ஒரு எவ்வு, அங்கிருந்து கிணற்றடிக்கு ஒரு குதி. எள்ளும் நெய்யும் கலந்த அந்த உருண்டையை, யாரும் வாயைத் திறப்பதற்குள், கொத்தித் தீர்த்துவிட்டது. என் வீட்டு மாடி ஜன்னலில் நின்றபடி நான் கண்ணால் பார்த்தேன்.

ஐயங்கார் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. "ஐயோ, எங்கப்பாவோட பிண்டத்தைத் தின்னுடுத்தே! வருஷத்துக்கு ஒரு நாள் வரவருக்கு இலையில ஒண்ணும் இல்லாம பண்ணிடுத்தே!" மனுஷர் அழுதேவிட்டார். ஜட்காக்காரனைக் கூப்பிட்டு, "பிரேசர் டவுன் போ, அந்த டொமினிக்கைக் கையோட அழைச்சுண்டு வா" என்று அனுப்பினார்.

பியாட்ரிஸக்கா ஓடி வந்து அவர் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"சாமி, றெக்கை வெட்டாம விட்டது என் தப்பு. இன்னொரு தபா நடக்காது. மன்னிச்சுக்கங்க. ஆனா இதுக்காக என்னை வூட்டை விட்டுப் போகச் சொல்லாதீங்க. நான் போக மாட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பசி, அவமானம், தகப்பன் பட்டினி என்ற துக்கம். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

டொமினிக் அதே ஜட்காவில் வந்து இறங்கினான். கையில் பெரிய பித்தளைப் பூட்டு. வண்டியில் சாமான் ஏற்றுவதற்கு இடம் விட்டு, ஓரமாக ஒண்டி உட்கார்ந்து வந்திருந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா அண்ணி? மூட்டையைக் கட்டுங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். பெரிய மனுஷரான ஐயங்காருக்குத் தன் மரியாதையைக் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதில் தாண்டித் திரும்பி வந்து தோட்டத்து மூலையில் தெம்பாகக் கிளறிக்கொண்டிருந்த சிவப்புக் கோழியைப் பாய்ந்து பிடித்தான். சமையலறைக் கத்தியை எடுத்தான். கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே அவர் கேட்டுக்குப் போனான். அது தொண்டை கிழியக் கத்தியது.

"இதுதானே சார்? உங்க கண்ணெதிர்லயே, உங்க அப்பா பேர்ல, இப்பவே இதைப் பைசல் பண்ணிடறேன்!"

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதுதான் வேடிக்கை. சீனிவாசராகவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நிறுத்தும் ஓய்! எங்கப்பா பேரைச் சொல்லிக் கொலை பண்ணுவீரா? அதுவும் திவசத்தன்னிக்கு, என் வாசல்ல? அது வயித்துல இருக்கறது எங்கப்பாவுக்கு நான் வெச்ச பிண்டம். அதைக் கழுத்தறுத்தா யாரை அறுக்கறதா அர்த்தம்? கீழ விடும்! முதல்ல கத்தியைத் தூரப் போடும்!"

டொமினிக் பயந்துபோய்க் கோழியைக் கீழே போட்டான். அது சிறகை உதறிக்கொண்டு நின்றது.

"அந்தக் கோழி மேல யாரும் கை வைக்கப்படாது. விக்கவும் படாது. அது தானாப் போற அன்னிக்குப் போகட்டும்" என்றார் ஐயங்கார்.

"சரிங்க சார், சரிங்க சார். அந்த ஒண்ணை வேணா உசிரோட விட்டுடறேன். மத்ததை எல்லாம் சாயந்தரமே கசாப்புக் கடைக்கு அனுப்பிட்டு வூட்டப் பூட்டிடறேன்."

பியாட்ரிஸக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு மட்டுந்தான் தின்னுச்சுன்னு யாரு சொன்னது? எல்லாந்தான் பூந்து தின்னுச்சு. ஒண்ணு பாக்கியில்லை. சேவலுந்தான்."

சத்தியமாகச் சிவப்பு ஒன்றுதான் போனது. பச்சைப் பொய்! காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கால் சொல்கிறாள்!

சீனிவாசராகவன் மனைவியைப் பார்த்தார். "ருக்கு, நீ கிணத்தடியிலதானே நின்னே? எல்லாமா வந்துது?"

நானும் பொய் சொல்லத் தயாராகிவிட்டேன். ஆனால் கேட்டது ருக்குவை. அவள் முதலில் டொமினிக் கக்கத்திலிருந்த பூட்டைப் பார்த்தாள். பிறகு தெருவில் காத்திருந்த ஜட்காவைப் பார்த்தாள். ருக்குவும் கல்யாணமான புதிதில் மைத்துனர் வீட்டில் வருஷக்கணக்கில் அடுப்பூதியவள்தான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"ஏன்னா, கூட்டமாத்தான் வந்துது. ஆளுக்கு ஒரு வாய்" என்றாள்.

ஐயங்கார் மதிலோரம் போனார். எட்டுக் கோழிகளையும் கொழுந்தனையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றின் வயிற்றிலும் அவருடைய அப்பா.

"மிஸ்டர் டொமினிக், வீட்டைப் பூட்டினா இதுகளுக்கு யார் தீனி போடறது?" என்றார் கடைசியில்.

"நீங்கதானே சார் புகார்னு ஆள் அனுப்பினீங்க?"

"புகாரா? நான் ஒரு புகாரும் சொல்லலை. என் ஆத்துல ரெண்டாவதாப் பிடிச்சு வெச்ச பிண்டம் காக்கைக்குக் காத்துண்டிருக்கு. பசி உசிர் போறது. நீர் போய்ட்டு வாரும்." கதவு சாத்திக்கொண்டது.

பியாட்ரிஸக்கா எல்லாக் கோழிகளையும் உள்ளே விரட்டிக் கூண்டை அடைத்தாள். பக்கத்து வீட்டில் காக்கை வந்து போகும்வரை ஒன்றையும் வெளியே விடவில்லை. டொமினிக் பூட்டும் கையுமாக வாசலிலேயே நின்றான்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா இப்படிப் பொய் சொல்றீங்களே அண்ணி, ஆண்டவர் கேக்க மாட்டாரா?"

"கேக்கட்டும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நானே சொல்லிக்கறேன். அதை உங்கிட்ட சொல்ல வேணாம்."

"இன்னிக்கு இல்லேன்னா இன்னொரு நாள் வருவேன்."

"வா. எப்ப வேணா வா, காப்பி தரேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ தம்பி. உன் பெண்டாட்டி புள்ளைக்குத் துணி அலச நான் பொறக்கலை. என் மூட்டைக்குன்னு வண்டியில எடம் வுட்டு ஓரமா ஒண்டி உக்காந்து வந்தியே? போறப்ப அந்த எடத்துல நல்லாக் காலை நீட்டி உக்காந்துனு போ."