ரப்பர் படகில் நம்ம ஆட்கள்

முதல் தடவையாகப் படகில் கால் வைக்கிறவர்களை ஏற்றி, நன்றாக நனைத்து, ஏற்றிய எண்ணிக்கை குறையாமல் கரையில் இறக்கிவிடுவதுதான் என் தொழில். மாத்தளையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆறு நுரைத்து இறங்குகிற இடத்தில் ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். அதற்கு முன்னே பலாபத்வலப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயும் சாதிக்காயும் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவரும் தண்ணீரில் விழவில்லை.

எங்களுடையது பிள்ளைகுட்டிகளோடு வரக்கூடிய சின்னப் பயணம். குடும்பத்துக்கொரு ரப்பர் படகு, ஆளுக்கொரு துடுப்பு, பின்னால் உட்கார்ந்து கட்டளை சொல்ல நான். கூடவே ஒற்றையாள் படகில் சுனில் அண்ணன் வருவார், விழுந்தவர்களைப் பொறுக்கியெடுக்க. அவர் சிங்களவர், பேசுகிற தமிழெல்லாம் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கற்றது. தினமும் சனங்களோடு மல்லுக்கட்டுகிற பஸ் கண்டக்டர்களே, டீச்சர்மாரே, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

ஜாக்கெட்

தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதில் ஒரு சின்னம்மா, நல்ல சேலை, தலை நிறைய பூ. உடுப்பு மாற்றுகிற அறைக்கு வெளியே சுனில் அண்ணன் மிதவை அங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை லைஃப் ஜாக்கெட் என்போம். அவருக்கு அவசரத்தில் பாதிதான் வாயில் வரும். சின்னம்மாவைப் பார்த்து மிகவும் பணிவாகச் சொன்னார்: "அம்மா, ஜாக்கெட் போடாம வர ஏலாது."

சின்னம்மா ஒரு தடவை தன்னைக் குனிந்து பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார். அண்ணன் விடவில்லை. "இது சரியில்ல அம்மா. தடிப்பா ஒண்ணு போடணும். நான் கட்டிவிடுறேன்." சின்னம்மாவின் புருஷன் எழுந்து நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் ஆரஞ்சு நிற அங்கியைத் தூக்கிக் காட்டி விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சின்னம்மா கடைசியில் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தத் தம்பிக்குச் சொல்லி வைங்க மிஸ், நாங்க கௌரவமான குடும்பம்."

எலுமிச்சம்பழம்

மாத்தளை டவுன்காரர் ஒருவர் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்களிடம் வந்தார். நெற்றி நிறைய திருநீறு, கையில் நாலு எலுமிச்சம்பழம். படகைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பழம் வைக்க டயர் தேடுகிறாராம். டயர் கிடையாது என்றதும் முகம் வாடிவிட்டது. "டயரே இல்லாத வண்டிய எப்படி மிஸ் நம்பி ஏறுறது?"

டிரைவர்

கலேவெலயிலிருந்து வந்த ஒருவர் இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். அதனால் முன்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். உட்கார வைத்தேன். ஒவ்வொரு கல் வரும்போதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வலது காலை ஓங்கி மிதித்தார். வளைவு வந்தால் இரண்டு கையும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பின. "அண்ணே, துடுப்புப் போடுங்க" என்று நான் கத்தக் கத்த, அவர் முன்னால் மிதந்து போன கட்டையைப் பார்த்து வாயாலேயே ஹோர்ன் அடித்தார்.

கரையில் இறங்கியதும் காலைத் தேய்த்துக்கொண்டே வந்து என் கையைக் குலுக்கினார். "போட் நல்ல போட் மிஸ். பிரேக்தான் கொஞ்சம் லூஸ்."

சோத்துப் பார்சல்

ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பம். அண்ணன் தம்பி, அவர்கள் மனைவிமார், மூன்று பெரிய பிள்ளைகள். ஏழு துடுப்பும் ஏழு திசைக்குப் போயின. நான் 'முன்னால்' என்றால் மூன்று பேர் பின்னால் தள்ளுவார்கள், ஒருவர் படம் எடுப்பார். படகு பம்பரம் மாதிரி சுற்றியே பாதி ஆற்றைக் கடந்தது.

சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். மூத்தவர் பிரியாணிப் பார்சலை மிதவை அங்கிக்குள் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறார். தொப்பை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். ஒரு குலுக்கலில் அது நழுவித் தண்ணீரில் விழுந்து, எங்களுக்கு முன்னால் மிதந்து போனது. அப்புறம் நான் வாயே திறக்காமல் ஏழு துடுப்பும் ஒன்றாக விழுந்தன, ஒன்றாக எழுந்தன. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு வேகம் நான் கண்டதில்லை. பார்சலைப் பிடித்துத்தான் ஓய்ந்தார்கள். பக்கத்தில் வந்த சுனில் அண்ணன் பார்சலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எல்லா போட்டுக்கும் முன்னால ஒரு பிரியாணி கட்டுவம்."

நான் விழுந்தது

இதை எங்கள் முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்தது கணவன், மனைவி, கணவனின் இரண்டு தம்பிமார். மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனால் அவர்களுடைய முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். கரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பயப்படுகிறார் என்று நினைத்து, அவருக்கு மட்டும் இரண்டு தடவை பாடம் சொன்னேன்.

நடுவழியில் படகு ஒரு கல்லில் ஏறி உதறியது. அவர்கள் நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். நான்தான் தண்ணீரில் கிடந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு போய்க்கொண்டிருக்கிறது. சுனில் அண்ணனோ பின்னால் வந்த இன்னொரு படகிலிருந்து விழுந்தவரை இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவில்தான் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு விழுகிறது. கட்டளை சொல்ல ஆளில்லாமல் அதில் போனால் படகு கவிழ்ந்துவிடும். கத்தினேன், வாயில் தண்ணீர்தான் போனது. தம்பிமார் இருவரும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த மனைவி வாய் திறந்தார். சத்தம் போடவில்லை. "யாரும் எந்திரிக்கக் கூடாது. அழக்கூடாது. துடுப்பக் கையில எடுங்க. எல்லாரும் ஒண்ணா. ஒண்ணு, ரெண்டு." மூன்று ஆம்பிளைகளும் ஒன்று ரெண்டு எண்ணிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். படகு அழகாகத் திரும்பி மணல்திட்டில் ஏறி நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், மல்லாக்கப் படுங்க. காலை முன்னால நீட்டுங்க. தண்ணியக் குடிக்காதீங்க." எல்லாம் நான் கரையில் சொல்லிக்கொடுத்தது. செய்தேன். திட்டருகே போனதும் என் அங்கியின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டு, மூக்கையும் துடைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கணவர் சந்தோஷமாகப் பக்கத்தில் வந்தார். "விழுந்து காட்டினது ரொம்ப நல்லா இருந்துச்சு மிஸ். எல்லா ட்ரிப்லயும் விழுவீங்களா, இல்ல எங்களுக்காக மட்டுமா?"

ஆறு வருஷத்தில் ஆற்றைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது என்பது மட்டும்தான். மிச்சமெல்லாம் ஏறுகிறவர்களின் கைவரிசை.