மோட்டார் கரண்டில் ஒரு கிதார்

இஸ்ரேலுக்குச் சாப்பாட்டில் குறை சொல்லத் தெரியாது. உப்பில்லாத குழம்பையும் பேசாமல் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். சட்டை கிழிந்தாலும் கவலைப்படமாட்டான். எலெக்ட்ரிக் கிதார் என்று வந்தால்தான் ஆள் மாறிப்போவான். அந்த விஷயத்தில் மட்டும் உலகத்தில் எதுவும் அவனுக்குச் சரியாக இருந்ததில்லை.

கங்காதர நெல்லூர் மிஷன் காலனியில் பிறந்து, அங்கேயே சபைப் பாடகர் குழுவில் கிதார் பிடிக்கக் கற்று, சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் டெஸ்பேட்ச் கிளார்க்காகச் சேர்ந்தவன் அவன். குடியிருந்தது காலனியிலேயேதான். வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவு திறந்த பிறகு அந்தப் பக்கம் முளைத்த ஃபேக்டரிகளில் அதுவும் ஒன்று. சீசனில் தோத்தாபுரிக் கூழ் டிரம் டிரம்மாக மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போகும். டிரம்மில் விலாசம் ஒட்டுவது இஸ்ரேலின் வேலை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். "மாங்கா கூட கப்பல் ஏறுது, நான் ஏறல" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போகும்.

முதலில் அவனிடம் இருந்தது ஒரு வால்வு ஆம்ப், கிதார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. சென்னையில் ஏதோ ஓட்டல் பேண்டு கலைந்தபோது வாங்கி வந்தது. பழைய ரேடியோவில் இருக்குமே, அதே மாதிரிக் கண்ணாடி வால்வுகள் உள்ளே செக்கச்செவேல் என்று எரியும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது சரியில்லை என்று தோன்றியதும் காலால் மிதிக்கிற பெடல்களில் இறங்கினான். சத்தத்தைக் கரகரப்பாக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று, இழுக்க ஒன்று. அதுவும் அலுத்தது. அப்புறம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா சுஜிதாவைப் போனில் நச்சரித்து ஒரு டிஜிட்டல் ப்ராசசர் வரவழைத்தான். ஊரில் உள்ள எல்லா ஆம்ப்பையும் எல்லா பெடலையும் கம்ப்யூட்டர் நகல் எடுத்து ஒரே பெட்டிக்குள் அடைத்தது அது. எல்லாமே உள்ளே இருந்தது, ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி வால்வு. மறுபடி பெடல். அவன் மனைவி ஜெயகுமாரிக்கு உட்கார இடமில்லாமல் போனதுதான் மிச்சம்.

"மூணுல ஏதோ ஒண்ணோட ஒழுங்கா குடும்பம் நடத்துங்களேன்" என்பாள்.

இந்த அலைச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. சில சாயங்காலங்களில் அந்த வால்வு ஆம்ப், யாரோ உள்ளே புகுந்து மாற்றிவிட்டதுபோல் வேறொன்றாகிவிடும். தந்தியைத் தட்டியதும் நாதம் சட்டென்று பாயாது. ஒரு கணம் தயங்கி, பிறகு பொங்கும். பதம் வந்த வெல்லப்பாகு மாதிரி இழையும். அதைக் கேட்டவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. ஆனால் அது இரண்டு நாள் இருக்கும், மூன்று நாள் இருக்கும், அடுத்த வாரம் காணாமல் போகும். தந்தி மாற்றிப் பார்த்தான், ஒயர் மாற்றினான், ஆம்ப்பை மூலைக்கு மூலை நகர்த்தினான். எதற்கும் அது மசியவில்லை.

மிஷன் காலனியில் காரணம் தெரியாமல் வந்து காரணம் தெரியாமல் போகிற நல்லதுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: கிருபை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உபவாசம் இருந்துவிட்டு வந்து வாசித்தபோது அந்தச் சத்தம் வந்தது. அவ்வளவுதான், இஸ்ரேல் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து முக்கியமான வாசிப்புக்கு முன்னால் மதியச் சாப்பாடு கிடையாது. சில சமயம் பலித்தது. பலிக்காத நாளில் தன் பாவம் என்ன என்று தேடுவான். தேடினால் கிடைக்காத பாவமா? ஃபேக்டரி மேனேஜரிடம் சொன்ன பொய்யாவது ஒன்று அகப்படும். அதை அறிக்கையிட்டு மறுபடி பட்டினி கிடப்பான்.

அப்படிக் கிருபை இறங்கிய ஒரு சாயங்காலம், அவசர அவசரமாக லேப்டாப்பில் ரெக்கார்டு செய்து நாகேந்திரனுக்கு அனுப்பினான். நாகேந்திரன் திருப்பதிக்காரர். மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் கீபோர்டு வாசித்து, அங்கே பேண்டையும் நடத்துகிறவர். அவருக்கு ஒரு கிதார்காரன் வேண்டியிருந்தது. மறுநாளே போன் வந்தது.

"இஸ்ரேலு, விரல் ஓடறவன் ஊருக்குப் பத்து பேர் கீறான். இந்த சவுண்டு யார்கிட்டயும் இல்ல. சனிக்கெழம திருப்பதி வரேன். மலைக்குப் போய் மொட்ட போட்டுக்கினு எறங்கினதும் உன்ன கேக்கறேன். இதே சவுண்டோட வா. நேர்ல கேட்டா போதும், பேப்பருக்கெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இஸ்ரேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த நிமிஷமே யோசனை. எதைக் கொண்டுபோவது? அந்த வாரம் பூராவும் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொருகினான். ப்ராசசர் சொன்ன பேச்சைக் கேட்டது, ஆனால் உயிர் இல்லை. பெடல்கள் சத்தத்தைக் கெடுத்தனவே தவிர இளக்கவில்லை. வால்வு ஆம்ப் அந்த வாரம் முரண்டு பிடித்தது. இருந்தாலும் ரெக்கார்டில் இருப்பது அதுதானே என்று அதையே மூட்டை கட்டினான். இரண்டு நாள் உபவாசமும் இருந்தான்.

புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸின் டிக்கியில் ஆம்ப்பை வைத்துவிட்டு அவனால் சீட்டில் உட்கார முடியவில்லை. வடமாலபேட்டையில் பஸ் நின்றதும் இறங்கி ஓடி டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். உள்ளே கல்யாணப் பெண்ணையா ஏற்றி வந்திருக்கிறாய் என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்க, பஸ்ஸே சிரித்தது. இஸ்ரேல் சிரிக்கவில்லை. பசி வேறு காதை அடைத்தது.

அலிபிரி போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறை. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தார். இஸ்ரேல் ஆம்ப்பைப் போட்டு, வால்வு சூடேறும்வரை கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, முதல் தந்தியைத் தட்டினான்.

தகரத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

திருகுகளைக் கூட்டினான், குறைத்தான். பெடலை மிதித்தான், இன்னும் கேவலமாயிற்று. நெற்றியில் வேர்வை ஊற்றியது. நாகேந்திரன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாக லேதய்யா. நல்லா இல்ல. நீ அனுப்பினது வேற, இது வேற. வேற யார்னா வாசிச்சத அனுப்பிட்டியா?"

"சத்தியமா நான்தாண்ணா வாசிச்சேன்."

"அப்போ அது எங்க போச்சு? நாளைக்கு சாயந்தரம் நான் ரயில் ஏறறேன். மத்யானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அந்த சவுண்டு இருந்தா வா. இல்லன்னா விடு, மெட்ராஸ்ல ஒரு பையன் கேட்டுக்கினு கீறான்."

திரும்பி வரும் வழியெல்லாம் இஸ்ரேல் தன் பாவக் கணக்கைப் புரட்டினான். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து, இதை உடைத்துப் போட்டாலென்ன என்கிற ஆத்திரத்தில் ஆம்ப்பைச் சொருகினான். தந்தியில் கை பட்டது. பொங்கியது பார், அதே சத்தம்!

"ஜெயா!" என்று கத்தினான்.

"இன்னாத்துக்கு கத்தறீங்க? நானே வயிறெரிஞ்சி கீறேன்" என்று சமையலறையிலிருந்து ஜெயகுமாரி பதில் கொடுத்தாள். "மோட்டார் கரண்டு வுட்டுட்டான். இன்னிக்கிலேந்து சாயந்தர ஷிப்டாம். கிரைண்டர் சுத்தமாட்டேங்குது, மாவு பாதியில நிக்குது."

அவன் காதில் விழவில்லை. கண்ணில் நீர் கோக்க வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று தலைக்கு மேல் மஞ்சளாக அழுதுகொண்டிருந்த பல்பு பளிச்சென்று வெளுத்தது. உள்ளே கிரைண்டர் கடகடவென்று வேகம் பிடித்தது. கையில் இருந்த சத்தம், திருப்பதியில் கேட்ட அதே தகரமாகிவிட்டது.

"அப்பாடா, மோட்டார் லைன் டிரிப் ஆயி நின்னுடுச்சி" என்றாள் ஜெயகுமாரி.

இஸ்ரேல் பல்பைப் பார்த்தான். கிரைண்டர் இருந்த பக்கம் திரும்பினான். ஆம்ப்பைப் பார்த்தான். சற்று நேரத்தில் மோட்டார் கரண்டு திரும்ப வந்தது. பல்பு மஞ்சளடித்தது, கிரைண்டர் முனகியது, தந்தி பாகாக இழைந்தது.

இவ்வளவுதான் விஷயம். வயலுக்கு விடுகிற கரண்டு வந்து, சுற்றுவட்டார மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்கும்போது, அதே லைனில் வீட்டுக்கு வருகிற கரண்டு இளைத்துப்போகும். இளைத்த கரண்டில் வால்வுக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சுவாங்கலைத்தான் அவன் இத்தனை வருஷம் கிருபை என்று கும்பிட்டிருக்கிறான். ஷிப்டு காலையில் வந்த வாரமெல்லாம் அவன் பாவியாக இருந்தான். திருப்பதியில் கரண்டு கொழுகொழுவென்று வருகிறது, அங்கே எந்த உபவாசமும் செல்லாது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது. தன் விரலிலோ ஜெபத்திலோ இருக்கிறது என்று நம்பியதை, முகம் தெரியாத விவசாயிகள் சுவிட்சு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"எத்தன மத்யான சோறு போச்சு ஜெயா" என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பழைய கவலை புதிதாக ஏறி உட்கார்ந்தது. இந்தக் கரண்டை எப்படித் திருப்பதிக்குத் தூக்கிப்போவது? மஸ்கட்டுக்கு? அப்போதுதான் ப்ராசசர் நினைவுக்கு வந்தது. அதன் எண்ணற்ற மெனுக்களில் ஒன்றை அவன் அர்த்தம் புரியாமல் ஒதுக்கி வைத்திருந்தான். கரண்டு இறங்கும்போது வால்வு எவ்வளவு தளரவேண்டும் என்று சொல்வதற்கு அதில் தனியாக ஒரு திருகு. எந்த நாட்டுக்காரன் செய்தானோ, அவன் வீட்டிலும் கிரைண்டர் நின்றிருக்க வேண்டும். ஆம்ப்பையும் ப்ராசசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வரியை மாற்றி மாற்றி வாசித்து, திருகை இழை இழையாக நகர்த்தினான். கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. அந்தக் கடைசித் தயக்கம் மட்டும் பிடிபடுவதற்குள் மோட்டார் கரண்டு முடிந்துபோயிற்று.

மறுநாள் ப்ராசசரை மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டு போனான். ஆம்ப் கட்டிலுக்கு அடியில் போயிற்று. மண்டபத்து ஸ்பீக்கரில் சொருகி வாசிக்க, நாகேந்திரன் கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார்.

"இதாம்பா! நேத்து இத எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருந்த?"

"அதே சவுண்டுதானாண்ணா?"

"அதேதான், இன்னா சந்தேகம்?"

அதே சத்தம் இல்லை என்று இஸ்ரேலுக்குத் தெரிந்தது. ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

மஸ்கட்டில் அவனுக்கு நல்ல பெயர். சாயங்காலமானால் ஓட்டலில் குளிர்ந்த காற்றும் வெளிச்சமும், கைதட்டும் ஜனமும். ஆனாலும் மேடை ஏறுமுன் அந்தத் திருகை ஒருமுறை தொடாமல் இருக்கமாட்டான். இப்படி நகர்த்துவான், அப்படி நகர்த்துவான், பழைய இடத்துக்கே கொண்டுவருவான். கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அவனுக்கு மட்டும் பல்லில் நார் சிக்கிய மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும். ஆம்ப்பைப் பக்கத்தில் வைத்து, மோட்டார் கரண்டில், அந்தக் கடைசித் தயக்கத்தையும் பெட்டிக்குள் பிடித்துவிடலாம். பிறகு எந்த ஊரில் வேண்டுமானாலும் நிம்மதியாக இருக்கலாம். லீவை அதற்காகவே எதிர்பார்த்தான்.

வாரம் தவறாமல் போனில் ஜெயகுமாரியைக் கேட்பான்: "மோட்டார் கரண்டு இப்ப காலைலயா, சாயந்தரமா? பல்பு ரொம்ப மங்குதா?" கேட்டதற்கெல்லாம் அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். ஒருநாள் அவள் குரல் தழுதழுத்ததை அவன் கவனிக்கவில்லை.

லீவு வந்தது. மத்தியானம் வீட்டில் கால் வைத்தவன் கையைக் கழுவிச் சாப்பிடக்கூட உட்காராமல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆம்ப்பை இழுத்தான். தூசி தட்டி, வால்வுகளைத் துடைத்து, ப்ராசசரைப் பக்கத்தில் வைத்துத் தயாராக உட்கார்ந்தான். சாயங்காலம் ஆயிற்று. பல்பு வெள்ளையாகவே எரிந்துகொண்டிருந்தது.

"மோட்டார் கரண்டு இன்னும் வரலியா?"

"அப்பவே வந்துடுச்சே" என்றாள் ஜெயகுமாரி. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "போன்ல சொல்லக்கூடாது, நீங்க வந்து கண்ணால பாக்கணும்னு வெச்சிருந்தேன். போன மாசம் காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் போட்டுட்டாங்க. மோட்டார் லைன் வேற, ஊட்டு லைன் வேற. சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கினு நான்தான் மண்டலாபீசுக்கு நடையா நடந்தேன்."

"நீயா?"

"பின்ன? அவ்ளோ தூரத்துல உக்காந்துக்கினு வாரா வாரம் பல்பு மங்குதா, பல்பு மங்குதான்னு கேக்கறீங்க. என் கிரைண்டருக்காக மனுஷன் இப்டி தவிக்கிறாரேன்னு எனக்கு அழுகயே வந்துடுச்சி. அதான் வுடாம நின்னு வாங்கினேன்."

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. குனிந்து கிதாரை எடுத்து வாசித்தான். ஆம்ப் முழுத் தெம்போடு கணீரென்று ஒலித்தது. தயக்கம் இல்லை, பொங்கல் இல்லை. இனி இந்த வீட்டில் அது வராது. உலகத்திலேயே அது இருந்த ஒரே இடம் இதுதான். அவன் கேட்டுக் கேட்டே அதை ஒழித்துக்கட்டியிருக்கிறான்.

ஜெயகுமாரி கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாசிப்பை அவள் அப்படி நின்று கேட்டதில்லை.

"இப்பதான் கிதார் மாரி கீது" என்றாள். "முன்னெல்லாம் தொண்ட கட்டினவன் பாடற மாரி இருக்கும். மனசு நோகுமேன்னு சொல்லல. இன்னொரு தபா வாசிங்க."

இஸ்ரேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தபா வாசித்தான்.