மூன்று தட்டுக்கு இரண்டு கால்

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை வாசகசாலை ஆண்டு விழாவில் கிதார் வாசித்தேன். வாசிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். என்னை அல்ல — என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க இருந்த நாகப்பனை.

நாகப்பன் நெசவாளி. வயதில் எனக்கு மூத்தவர். கிதாரில் என் மாணவர். யுத்தத்தில் நூலுக்குக் கன்ட்ரோல் வந்து, அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அவர் தறி மாதத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கத் தெரியாத மனிதர் ஒரு நாள் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"வாத்தியாரே, இதுலயும் இழைதான இருக்கு? நான் பழகக் கூடாதா?"

ஏன் கூடாது? இங்கே இருப்பது ஆறே இழை. அவர் ஆயிரம் இழைகளைக் கட்டி ஆண்டவர்.

ஆனால் அந்தக் கால்கள்...

குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக் குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கை ஓடினால் கால் மிதிக்கும். இடது, வலது, இடது, வலது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டதோ மூன்று தட்டு மெட்டு. இடது கால் இறங்கும்போதெல்லாம் நாகப்பன் தந்தியை ஓங்கித் தட்டிவிடுவார். மூன்று, இரண்டாகிவிடும். எங்களோடு வயலின் வாசிக்கும் பந்தல்குடி கம்பவுண்டர் வில்லைத் தூக்கியபடி திணறுவார்.

"நாகப்பண்ணே, நான் பாட்டு வாசிக்கணுமா, இல்ல உங்களுக்குச் சேலை நெய்யணுமா?"

சனிக்கிழமை ஒத்திகையில் பொறுமையிழந்து, துண்டை எடுத்து அவர் கால்களைக் கட்டிப் பார்த்தேன். கையும் நின்றுபோயிற்று!

வெட்கமாக இருந்தது. ரங்கூன் ஹோட்டலில் நால்வர் குழுவில் பத்து வருஷம் வாசித்தவன் நான். ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது துணிமணியை விட்டுவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவன். அங்கே எனக்குச் சொல்லித்தந்த கோவாக்காரர் குட்டை மணையில் இடது பாதத்தை வைத்தால் கச்சேரி முடியும்வரை அது சிலை. நானும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டேன். சிலையாவதற்கா மனிதன் சங்கீதம் படிக்கிறான்?

வழி கண்டுபிடித்தவர் நாகப்பனே. கட்டை அவிழ்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுத் தெலுங்கில் முணுமுணுத்து எண்ணினார் — ஒகட்டி, ரெண்டு, மூடு...

"வாத்தியாரே, தப்பு காலு மேல இல்ல. மொதத் தட்டு எப்பவும் எடது காலுக்குன்னு நான் நெனச்சதுதான் தப்பு. இந்த மூணு தட்டு வட்டம் எடதுல ஆரம்பிச்சா, அடுத்த வட்டம் வலதுல. ரெண்டு வட்டத்துல பழைய காலுக்கே வந்துருவேன்."

வாசித்தோம். மூன்று தட்டு மூன்றாகவே வந்தது!

அந்த நேரம் பார்த்து வாசகசாலைச் செயலாளர் உள்ளே வந்தார். திருச்சுழிப் பக்கம் நிலபுலம் உள்ளவர். என் வகுப்பு நடந்ததே அவர் தயவில் கிடைத்த வாசகசாலைப் பின்கட்டு அறையில்தான். ஊரில் எனக்கு வேறு இடம் கிடையாது. அவர் கிதாரைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"நாளைக்கு நீங்க மட்டும் வாசிங்க. மதுரையிலருந்து பெரிய மனுசங்கள்லாம் வாராக. அவரு இப்பிடிக் காலை ஆட்டிக்கிட்டு உக்காந்தா ஊரு மானம் என்னத்துக்காகும்?"

"நீங்க கட்டியிருக்கிற வேட்டி அவுக தெருவுல நெய்ஞ்சதுதான? மானத்தை அவுக பாத்துக்கிடுவாக."

"அப்ப ரூமை நான் பாத்துக்கிடுறேன்" என்றார் அவர்.

மிரட்டல் புரியாமலில்லை. இரவல் அறைக்காகப் பக்கத்து நாற்காலியைக் காலி செய்தால் அதற்குப் பெயர் குழுவா?

மறுநாள் மேடையில் நாகப்பனை உயரமான பெஞ்சில் உட்காரவைத்தேன், கால்கள் குழிக்குள் தொங்குவதுபோலத் தொங்கட்டும் என்று. வேட்டியை இழுத்து மறைக்கப் பார்த்தார். "தெரியட்டும்ணே" என்றேன்.

ஆரம்பித்தோம். நாலு வட்டம் போயிருக்கும். முன்வரிசையில் ஒரு சிரிப்பு... நாகப்பன் கேட்டுவிட்டார். இரண்டு கால்களும் அந்தரத்தில் நின்றன. கை நின்றது. வயலின் நின்றது. என் கிதாரும் நின்றது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அவர் தெருக்காரர் ஒருவரின் குரல்:

"ஏலே நாகப்பா, இழையா அந்துபோச்சு? மிதிலே!"

நாகப்பன் மிதித்தார். முதல் தட்டு, வலது கால்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? குட்டை மணையைத் தள்ளிவிட்டேன். அத்தனை வருஷ வாசிப்பில் முதல் தடவையாக நானும் மிதித்தேன். கிதார் மடியில் வழுக்கியது. வழுக்கட்டும்! இரண்டாவது பாட்டில் கம்பவுண்டர் ஒரு வரியை முழுங்கிவிட்டார். முழுங்கட்டும்! மூன்று பேரும் ஒரே தட்டில் வந்து இறங்கினோம். கடைசி வரிசை பூராவும் கால்கள் அசைந்துகொண்டிருந்தன. முன்வரிசை மட்டும் செருப்புக்குள் விறைத்துக் கிடந்தது.

விழா முடிந்ததும் செயலாளர் கையை நீட்டினார். பின்கட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது வகுப்பு நாகப்பன் வீட்டுத் தறிக்குழி ஓரத்தில் நடக்கிறது. புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். செயலாளரும் வரலாம், தடையில்லை... தறி இருக்கிற இடம். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட வேண்டும்.