ஒரு பன்னும் ஒரு கட்டைவிரலும்

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த வருஷங்களில் அதிகம் கத்திய வாக்கியம் ஒன்றுதான்: "வாயில பச்சத்தண்ணி படக்கூடாது!" யார் கேட்டார்கள்?

ஒரு நாள் விடிகாலை, கம்பெனி பிரஸ் மெஷினில் வலது கட்டைவிரல் நசுங்கிப்போய் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பேச்சிலேயே தெரிந்தது, திருநெல்வேலிப் பக்கம். மதியத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விரலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மயக்க மருந்து டாக்டர் காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை வயிறு காலியாக இருக்க வேண்டும். அவனிடமும் சொன்னேன், கூட வந்தவனிடமும் சொன்னேன். இருவரும் பக்தியாகத் தலையாட்டினார்கள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்புகிறேன், அதே கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த, அவனோடு ஒரே ரூமில் தங்கும் பையன்கள் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் பன்னை டீயில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருக்கிறான்!

"அட கடவுளே! என்னடா பண்றீங்க?"

"வெறும் வயித்தோட ஆபரேசன எப்படி சிஸ்டர் தாங்குவான்?" என்றான் ஊட்டியவன், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபத்தோடு.

மயக்கத்தில் அந்தப் பன் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடுவான் என்று அவனுக்கு யார் புரியவைப்பது? ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. திட்டு எனக்கு. "நீ என்னம்மா பாத்துக்கிட்டிருந்த? இன்னொரு தடவ தள்ளினா விரல எடுக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர். விரல் நுனி ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. கட்டைவிரல் இல்லாதவனைக் கம்பெனியில் எந்த லைனில் வேலைக்கு நிறுத்துவார்கள்?

எல்லோரையும் வராந்தாவுக்குத் துரத்தினேன். ஆயா வாசலில் காவல் நின்றாள். "இன்னாபா, சிஸ்டர் சொன்னது காதுல வுழல? ஒரு சொட்டு உள்ள போச்சு, தொடப்பக்கட்ட பிஞ்சிடும்!"

மதியம் வராந்தாவில் தடாலென்று சத்தம். ஓடிப் பார்த்தால், பன் ஊட்டியவன் தரையில் கிடக்கிறான். ஒரு தலைவலி போதாதென்று இன்னொன்று! முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்துக் கேட்டேன். "காலைல என்ன சாப்பிட்ட?"

பக்கத்திலிருந்தவன் சொன்னான். "நேத்து ராத்திரி கேன்டீன்ல தின்னதுதான் சிஸ்டர். யாரும் திங்கல."

"ஏன், உங்களுக்குமா ஆபரேஷன்?"

"அவன் பட்டினி கெடக்கான். நாங்க எப்படி திங்க?"

எங்கே போய் முட்டிக்கொள்வது? கொடுக்காதே என்றால் ஊட்டுகிறார்கள், ஊட்டாதே என்றால் பட்டினி கிடக்கிறார்கள். என் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தை நீட்டினேன். ஆளுக்கு ஒரு வாய் தின்றார்கள், அதுவும் வார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்தது. ரத்தம் ஓடுகிறதா என்று காலையில்தான் தெரியும் என்றார் டாக்டர். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் வந்ததும் வராதுமாக விரல் நுனியை அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். நான் கும்பிடாத சாமி இல்லை. மெல்லச் சிவந்தது.

"ஓடுதுடா!" என்று கத்திவிட்டேன்.

உடனே பன் ஊட்டியவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். நேற்றைய மிச்சப் பன். "இப்பக் குடுக்கலாமா சிஸ்டர்?" அதில் எறும்பு ஊர்ந்தது.

"மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்று பிடுங்கி எறிந்துவிட்டு, ஆயாவை அனுப்பிப் புதுப் பன் வாங்கிவரச் சொன்னேன். அடிபட்டவனின் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. நானே பிட்டு ஊட்டப் போனேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

"அவனுவ தின்னானுவளா சிஸ்டர்?"

திரும்பிப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்து நின்றிருந்தார்கள், காய்ந்த முகங்களோடு, வரிசையாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏ ஆயா," என்று கத்தினேன், "இன்னும் ஒரு கவர் பன்னு வாங்கிட்டு வா!"